என் ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம், கொழுந்தனார் ரிப்போர்ட் அஞ்சு வரி

எங்க வீட்டு பீரோவுல குறுக்கு வலி, அதான் இடுப்பு வலின்னு போய் எடுத்த ரெண்டு எம்ஆர்ஐ ஸ்கேன் கவர் இருக்கு, ஒண்ணு என்னோடது, ஒண்ணு கொழுந்தனாரோடது. நாலு மாச இடைவெளியில எடுத்தது. என் ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம், படிக்கிறவங்களுக்கு இந்தப் பொம்பள எப்படி எந்திரிச்சு நடமாடுறான்னு தோணும். அவரோடது அஞ்சே வரி. ஆனா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனது அவரு, நான் இன்னமும் முறுக்கு சுத்திக்கிட்டு இருக்கேன். இது எப்படின்னு புரிய எனக்கு ஒரு வருசம் ஆச்சு, அதுக்குள்ள செலவழிச்ச காசு, அழுத அழுகை எல்லாம் தனிக் கணக்கு, அதான் எழுதுறேன்.

எங்களுக்குக் கண்டனூர்ப் பக்கம். 19 வருசமா வீட்டுல வச்சுப் பலகாரம் போடுறேன், கைச்சுத்து முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு ஆச்சிமார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்டர் வரும், வெளிநாட்டுக்குப் போற டப்பா தனி. கைச்சுத்து முறுக்கு போடுறவங்களுக்குத் தெரியும், தரையில துணியை விரிச்சு, சம்மணம் போட்டு, முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு ரெண்டு விரல்ல மாவை முறுக்கி முறுக்கி வட்டம் விடணும், தை மாசம் வைகாசி மாசம்னா வெள்ளனே நாலு மணிக்கு உக்காந்தா காபிக்குக் கூட எந்திரிக்க மாட்டோம். அப்புறம் எண்ணெய் டின் 15 கிலோ, மாவு டின் அதுக்கு மேல, எல்லாத்தையும் நானே தூக்குவேன், யாரையும் நம்ப மாட்டேன், அது என் குணம்.

குறுக்கு வலி எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு தேதி சொல்ல முடியாது. முதல்ல உக்காந்து எந்திரிக்கும்போது ஒரு பிடிப்பு. அப்புறம் காலைல எந்திரிச்சதும் அரை மணி நேரம் நிமிர முடியாது. மாமியா வாயுன்னு சொல்லிப் பூண்டு கசாயம் வச்சுக் குடுத்தாங்க, பக்கத்து ஊர்ல சுளுக்கு எடுக்கிறவர்ட்ட மூணு தடவை போனேன், தைலம், நொச்சி இலை ஒத்தடம், மெடிக்கல்ல பெல்ட் ஒண்ணு. நாலு நாள் சொகமா இருக்கும், அஞ்சாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. மெடிக்கல்ல வலி மாத்திரை சீட்டு இல்லாமலே குடுத்துருவாங்க, நானும் தினம் ஒண்ணு ரெண்டுன்னு ரெண்டு மாசம் போட்டேன், வயித்துல எரிச்சல் வந்துதான் நிறுத்துனேன். இதைச் சும்மா சொல்லல. வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும், சுகர், பிரஷர் இருக்கவங்களுக்குக் கிட்னிக்கும் ஆகாது, டாக்டர் சொன்ன நாளைக்கு மேல போடுற மாத்திரை இல்ல அது. எனக்கு சுகர் வேற.

ஏழு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் ஆயிரம் முறுக்கு ஆர்டர், பாதியில எந்திரிக்க முடியாம அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு படுத்துட்டேன், சட்டியில எண்ணெய் காயுது, பிள்ளைக ஓடி வந்து அடுப்பை அமத்துச்சுக. மறுநாள் ஒரு எலும்பு டாக்டர்ட்டப் போனோம். ரெண்டு நிமிசம் கூட இருக்காது, என்னைப் படுக்க வச்சுப் பாக்கல, காலைத் தூக்கச் சொல்லல, எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்கன்னு சீட்டு எழுதிட்டாரு.

ஸ்கேன் எடுக்கப் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அது எக்ஸ்ரே மாதிரி கதிர் இல்ல, காந்தம். அதனால உடம்புல பேஸ்மேக்கர், பழைய கம்பி, கிளிப்பு எது இருந்தாலும் முதல்லயே சொல்லிரணும். நகையெல்லாம் கழட்டணும், தாலிச் செயினும்தான், வீட்லயே மஞ்சக் கயிறு மாத்திக்கிட்டுப் போங்க, அங்க போய் நின்னு கண்ணைக் கசக்காதீங்க நான் கசக்குன மாதிரி. என் மூக்குத்தி திருகு கழலவே இல்ல, அதுக்கு அரை மணி நேரம், சோப்புத் தண்ணி. உள்ள குழாய்க்குள்ள 25 நிமிசம் படுத்திருக்கணும், டக்கு டக்குன்னு யாரோ தகரத்தை அடிக்கிற சத்தம். வலியோட நேரா மல்லாக்கப் படுக்கறதுதான் கஷ்டம், முழங்காலுக்குக் கீழ தலைகாணி கேட்டா வச்சு விடுவாங்க, எனக்குக் கேக்கத் தெரியல.

ரிப்போர்ட் சாயங்காலம் வந்துச்சு. வாட்ஸப்புலயும் அனுப்பிட்டாங்க, அதுதான் வினை. ராத்திரி படுத்துக்கிட்டே ஒவ்வொரு வார்த்தையா போன்ல அடிச்சுப் பாத்தேன். எல்3-எல்4, எல்4-எல்5, எல்5-எஸ்1 மூணு இடத்துல டிஸ்க் டெசிகேஷன். டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ். தீக்கல் சாக்கை அழுத்துது. ஃபேசட் ஆர்த்ரோபதி. லிகமெண்டம் ஃப்ளேவம் தடிச்சிருக்கு. ஆனுலர் டேர். கடைசியில எல்2-ல ஹீமாஞ்சியோமான்னு ஒண்ணு, அதை அடிச்சா கட்டின்னு வருது. கட்டின்னதும் என் மனசு எங்க போயிருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வீட்டுக்காரர் தூங்குறாரு, நான் எந்திரிச்சுப் போய் முத்தத்துல உக்காந்து விடியிற வரை அழுதேன், பெரியவளுக்குக் கல்யாணம் பண்ணாம போயிருவோமோன்னு.

மறுநாள் டாக்டர் பிலிமை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு மூணு டிஸ்க் போச்சு, இப்படியே விட்டா கால் இழுத்துக்கும், ஸ்க்ரூ வச்சு இறுக்கிரலாம்னாரு. ரெண்டே கால் லட்சம். இனிமே தரையில உக்காரக் கூடாது, குனியக் கூடாது, தூக்கக் கூடாது. நான் கேட்டேன், டாக்டர் அப்ப என் தொழிலு? அவரு அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடிச்சாரு.

இங்கதான் எங்க அண்ணன் மக வந்தா. பிசியோதெரபி படிச்சிட்டு இருக்கா, அப்ப நாலாவது வருசம். லீவுக்கு வந்தவ ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டுச் சிரிச்சா. எனக்கு வந்துச்சே கோவம். "அயித்தை, கோவிச்சுக்காதீக. இதுல பாதி உங்க வயசு, வலி இல்ல" அப்படின்னா. அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து முதுகெலும்பு படம் போட்டு ஒண்ணொண்ணா சொன்னா. அவ சொன்னதையும் பின்னாடி ரெண்டாவது டாக்டர் சொன்னதையும் சேத்து எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

இடுப்புல அஞ்சு எலும்பு, எல்1-ல இருந்து எல்5 வரை, அதுக்குக் கீழ எஸ்1. ரெண்டு எலும்புக்கு நடுவுல ஜவ்வு, அதான் டிஸ்க். ஜவ்வுக்கு உள்ள களி மாதிரி ஒரு சத்து, சுத்தி நார் நாரா ஒரு வளையம். அதிரசத்தை எண்ணெய்ல இருந்து எடுக்கும்போது ஓரம் கெட்டியா நடுவுல மெத்துன்னு இருக்கும்ல, அப்படி வச்சுக்குங்க. வயசாக வயசாக நடுவுல இருக்க தண்ணிப் பசை வத்தும். எம்ஆர்ஐல டி2ன்னு ஒரு வகைப் படத்துல தண்ணி இருக்க இடம் வெள்ளையாத் தெரியும், வத்துனது கறுப்பாத் தெரியும், அந்தக் கறுப்பைத்தான் டெசிகேஷன்னு எழுதுறாங்க. தலை நரைக்கிற மாதிரிதான். நரைச்ச முடி வலிக்குதான்னு கேட்டா அவ.

பல்ஜுன்னா வளையம் சுத்துவாக்குல கொஞ்சம் உப்பி வெளிய தெரியிறது, சைக்கிள் டயர்ல காத்துக் கம்மியானா அடிப்பக்கம் பிதுங்கும்ல. புரோட்ரூஷன்னா ஒரு பக்கமா பிதுங்குறது. எக்ஸ்ட்ரூஷன்னா வளையம் பிஞ்சு உள்ள இருக்க சத்தே வெளிய வந்துட்டது. அந்தத் துண்டு தனியாப் பிரிஞ்சு கெடந்தா சீக்வெஸ்ட்ரேஷன். நம்ம ஊர்ல இந்த நாலுக்கும் சேத்து டிஸ்க் விலகிருச்சு, ஜவ்வு விலகிருச்சுன்னு ஒரே வார்த்தை, அதுலதான் எல்லாப் பயமும். ஜவ்வு எங்கயும் விலகிப் போறதில்ல, எலும்போட ஒட்டித்தான் இருக்கு.

தீக்கல் சாக்குங்கிறது நரம்பெல்லாம் தண்ணிக்குள்ள மிதக்கிற பை. அந்தப் பையைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னா நரம்பை நசுக்குதுன்னு அர்த்தம் இல்ல. நான் அதைத்தான் தண்டுவடமே நசுங்கிருச்சுன்னு படிச்சேன். தண்டுவடம் பெரும்பாலும் எல்1, எல்2 கிட்டயே முடிஞ்சிரும், அதுக்குக் கீழ நூல் நூலா நரம்புதான். ஃபேசட்டுங்கிறது பின்பக்கம் இருக்க சின்ன மூட்டு, முழங்கால் தேயிற மாதிரி அதுவும் தேயும். ஹீமாஞ்சியோமா, நான் விடிய விடிய அழுத அந்த ஹீமாஞ்சியோமா, எலும்புக்குள்ள ரத்தக் குழாய்ச் சின்னதா ஒரு கொத்து, நெறைய பேருக்கு இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது, ஸ்கேன் எடுத்ததால தெரிஞ்சுச்சு அம்புட்டுதான். பாக்கிறதையெல்லாம் எழுதிரணும்கிறது ரிப்போர்ட் எழுதுற டாக்டரோட கடமை, அவரு என்னைப் பாக்கல, என் படத்தைத்தான் பாத்தாரு. எது வலிக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

அப்புறம் அவ காமிச்ச ஒரு கணக்குதான் என் வயித்துல பாலை வார்த்துச்சு. குறுக்கு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேனை, 33 ஆய்வுல இருந்து சேத்துப் பாத்து 2015-ல ஒரு அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில போட்டிருக்காங்க. வலியே இல்லாதவங்க, கவனிச்சுக்குங்க. 20 வயசுலயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 40 வயசுல 68, 50 வயசுல 80 சதவீதம். பல்ஜு 40 வயசுல பாதிப் பேருக்கு, 50 வயசுல 60 சதவீதம் பேருக்கு. எனக்கு அப்ப 47. "அயித்தை, உங்க வயசுக்காரக பத்துப் பேரைத் தெருவுல புடிச்சு ஸ்கேன் எடுத்தா ஏழெட்டுப் பேருக்கு இதே தேய்மானம் இருக்கும், அவுக பாட்டுக்கு சந்தைக்குப் போய்க்கிட்டு இருக்காக" அப்படின்னா. அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யான்னு கேட்டேன். வலி நிசம், ஆனா ஒன்றரைப் பக்கத்துல எந்த வரி அந்த வலிக்குப் பொறுப்புன்னு ஸ்கேன் மட்டும் சொல்லாது, உங்களைத் தொட்டுப் பாக்கிற டாக்டர்தான் சொல்லணும்னு சொன்னா.

இந்த நேரத்துலதான் கொழுந்தனார் கதை. அவரு ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் கல்லு போடுற பட்டறையில வேலை. கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலர் ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு, இறுகுனதும் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு, குனிஞ்சு தூக்கி வெயில்ல அடுக்கணும். ஒரு நாள் தொட்டியில இருந்து கல்லை எடுக்கும்போது இடுப்புல நறுக்குன்னு ஒரு சத்தம்னாரு. ரெண்டு நாள்ல குறுக்கு வலி போயிருச்சு, ஆனா புட்டத்துல இருந்து இடது கால் வெளிப்பக்கமா, பாதத்து மேல வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி வலி. இருமுனா தெறிக்கும். நானும் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை அறிவுல, தம்பி பயப்படாதீங்க, எனக்கு மூணு டிஸ்க்கு, நான் நல்லாத்தான் இருக்கேன், பொறுத்துப் பாருங்கன்னு பெரிய மனுசி மாதிரி சொன்னேன். அதை நெனச்சா இன்னைக்கும் உறுத்தும்.

மூணாவது வாரம் அவரு சொன்னாரு, "மதினி, இடது கால் செருப்பு கழண்டு கழண்டு போகுது, கழண்டதே தெரிய மாட்டேங்குது". எனக்கு ஒண்ணும் தோணல, செருப்பு பழசுன்னு நெனச்சேன். அண்ணன் மக போன்ல கேட்டுட்டு உடனே சொன்னா, அவரைக் குதிகால்ல நிக்கச் சொல்லுங்க, கட்டைவிரலை மேல தூக்கச் சொல்லுங்கன்னு. வலது கால் கட்டைவிரல் நிமிந்து நிக்குது, இடது கால்ல அசையவே இல்ல. மறுநாளே மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டா.

அவரோட ரிப்போர்ட்டு, எல்4-எல்5-ல இடது பக்கம் பெரிய எக்ஸ்ட்ரூஷன், எல்5 நரம்பு வேரை அமுக்குது. மத்த டிஸ்க்கெல்லாம் நார்மல். அம்புட்டுதான், அஞ்சு வரி. எல்5 நரம்புதான் பாதத்தையும் கட்டைவிரலையும் மேல தூக்குறது, பாதத்து மேல தோல்ல உணர்ச்சியும் அதோடதுதான். படத்துல இருக்கிறதும் அவரு கால்ல இருக்கிறதும் சாவியும் பூட்டும் மாதிரிப் பொருந்துச்சு. என்னோடதுல அப்படி ஒண்ணும் பொருந்தல, எனக்குக் குறுக்குல மட்டும்தான் வலி, காலுக்கு இறங்கல, பலம் குறையல.

அங்க இருந்த நரம்பு ஆபரேஷன் டாக்டர் பொறுமையானவரு, வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாரு. வலி மட்டும் இருந்து கால்ல பலம் இருந்திருந்தா அவசரமே இல்லேன்னாரு. இப்படி வெளிய வந்த ஜவ்வுத் துண்டை உடம்பே கரைச்சுக்கும், அதுவும் பெருசா வெளிய வந்ததுதான் அதிகமாச் சுருங்குமாம், வெறும் பல்ஜுதான் அப்படியே இருக்குமாம். நெதர்லாந்துல 283 பேரைப் பாதிப் பாதியாப் பிரிச்சு, ஒரு பக்கம் சீக்கிரம் ஆபரேஷன், ஒரு பக்கம் காத்திருந்து பாக்கிறதுன்னு செஞ்ச ஆய்வு 2007-ல வந்திருக்கு. ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலி வேகமாக் கொறஞ்சிருக்கு, ஆனா ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேர் பின்னாடி ஆபரேஷனுக்கு வந்திருக்காங்க, மத்தவங்களுக்குத் தேவைப்படல. ஆனா இவருக்குப் பாதம் தொங்குது, அது நாளுக்கு நாள் மோசமாகுது, நரம்பு ரொம்ப நாள் நசுங்குனா திரும்ப வர்றது கஷ்டம், அதனால காத்திருக்க வேணாம்னாரு.

இன்னொண்ணும் சொன்னாரு, இதை எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சுக்குங்க. ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிட்டாலோ, போறது தெரியாம போனாலோ, வெளிக்கி அடக்க முடியலைன்னாலோ, ரெண்டு தொடைக்கு நடுவுல, சைக்கிள் சீட்டு படுற இடத்துல மரத்துப் போனாலோ, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிரணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது. அதே மாதிரி குறுக்கு வலியோட காய்ச்சல், காரணமில்லாம எடை கொறையிறது, முன்னாடி கேன்சர் வந்தவங்க, விழுந்து அடிபட்டவங்க, இவங்களுக்கெல்லாம் ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது. மத்தபடி சாதாரண குறுக்கு வலிக்கு மொத ஆறு வாரம் ஸ்கேனே வேணாம், பெரும்பாலும் அதுக்குள்ள அடங்கிரும்.

மைக்ரோ டிஸ்கெக்டமின்னு பேரு, சின்னதாக் கீறி அந்தத் துண்டை மட்டும் எடுக்கிறது, ஸ்க்ரூ கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்துச்சு, குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, நாங்க கட்டுனது வெளிச் செலவு மட்டும்தான். அட்டையை ரேஷன் கார்டு, ஆதாரோட ஒரே கவர்ல வச்சிருங்க, எங்க வீட்டுல அதைத் தேடவே அரை நாள். மயக்கம் தெளிஞ்சதும் கால் வலி போச்சுன்னாரு. கட்டைவிரல் அசைய ரெண்டு மாசம், செருப்பு நிக்க அஞ்சு மாசம். பாதத்து மேல ஒரு ரூபா அளவு எடம் இன்னமும் மரத்துத்தான் இருக்கு. பட்டறைக்குத் திரும்பிட்டாரு, ஆனா தொட்டியில குனியிற வேலை இல்ல, அச்சுல கலர் ஊத்துற வேலை, அதுவும் மேசை போட்டு நின்னுக்கிட்டு.

அவரைப் பாக்கப் போன எடத்துலயே என் கவரையும் அந்த டாக்டர்ட்ட நீட்டிட்டேன், வெக்கப்படாம. அவரு முதல்ல கவரை வாங்கவே இல்ல. குதிகால்ல நடக்கச் சொன்னாரு, முன் பாதத்துல நடக்கச் சொன்னாரு, படுக்க வச்சு முட்டி மடக்காம காலைத் தூக்குனாரு, சுத்தியல்ல தட்டுனாரு, ஊசி முனையால தொட்டுத் தெரியுதான்னாரு. எல்லாம் முடிச்சுட்டுதான் படத்தைப் பாத்தாரு. என்னம்மா வேலை பாக்குறீங்கன்னு கேட்டாரு, முதல் டாக்டர் அதைக் கேக்கவே இல்லேங்கிறது அப்பத்தான் உறைச்சுச்சு. உங்களுக்கு ஸ்க்ரூ வேணாம், எலும்பு நழுவல, நரம்பு நசுங்கல, வெறும் குறுக்கு வலிக்கு ஸ்க்ரூ போட்டு வலி போகும்னு உறுதி சொல்ல முடியாதுன்னாரு. ஊசி போடலாமான்னு கேட்டேன். முதுகுல போடுற ஸ்டீராய்டு ஊசி காலுக்கு இறங்குற வலிக்குத்தான், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான், உங்களுக்கு சுகர் வேற, ஊசி போட்டா சில நாளைக்கு சுகர் ஏறும், எதுக்குன்னாரு. நரம்பு மாத்திரைன்னு முன்னாடி ஒருத்தர் எழுதிக் குடுத்ததை நிறுத்தச் சொன்னாரு, அதுல எனக்குத் தலைசுத்தலும் தூக்கமும்தான் மிச்சம். இது கொறைச்சுக் கொறைச்சுத்தான் நிறுத்தணும், பட்டுன்னு விடக் கூடாதுன்னும் சொன்னாரு.

பெல்ட்டைப் பத்திக் கேட்டதுக்கு, தூக்குற நேரம் வேணா ஒரு மணி நேரம் போட்டுக்கம்மா, நாள் பூரா வேணாம்னாரு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட குறுக்கு வலிக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டிருக்கு, அதுலயும் பெல்ட்டு, இடுப்பை இழுத்து விடுற ட்ராக்‌ஷன் இதெல்லாம் வழக்கமாக் குடுக்க வேணாம், உடற்பயிற்சியும் புரிய வைக்கிறதும்தான் முக்கியம்னு இருக்குன்னு அண்ணன் மக சொன்னா. நான் பத்து நாள் ட்ராக்‌ஷனுக்குக் காசு கட்டிப் படுத்திருந்தவ. ஒரு பக்கம் சிரிப்பா வந்துச்சு.

சரி, என்ன பண்ணேன். மொத வேலை, வீட்டுக்காரர் ஆசாரியைக் கூப்பிட்டு இடுப்பு உசரத்துக்கு ஒரு பலகை மேசை போட்டாரு, பழைய கதவு ஒண்ணு கெடந்துச்சு பின்கட்டுல, தேக்கு, அதையே. அதுல துணி விரிச்சு நின்னுக்கிட்டும் உசர ஸ்டூல்ல உக்காந்தும் சுத்துறேன். மொத வாரம் முறுக்கு கோணல் மாணலாத்தான் வந்துச்சு, ஒரு ஆச்சி "என்னடி இது, சுத்து எண்ணுனா ஆறரை வருது"ன்னு கேட்டாக. கை பழகிருச்சு. அரை மணிக்கு ஒரு தடவை போன்ல அலாரம், எந்திரிச்சு முத்தத்தை நாலு சுத்து. எண்ணெய் டின்னைப் பாதி பாதியா ரெண்டு பாத்திரத்துல மாத்திக்கிறேன். இது கேவலம்னு நெனச்ச காலம் உண்டு.

தரையில உக்காரவே கூடாதுன்னு முதல் டாக்டர் சொன்னதை விட்டுட்டேன். பந்தியில உக்காருவேன், கோயில்ல உக்காருவேன், ஆனா ஒரே எடத்துல மூணு மணி நேரம் குனிஞ்சு உக்காரதுதான் கிடையாது. குனியவே பயந்து பயந்து முதுகை விறைப்பா வச்சிருந்ததே எனக்குப் பாதி வலிங்கிறது பயிற்சி சொல்லிக் குடுத்த பிசியோ பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. பயிற்சி நாலுதான் குடுத்தாங்க, மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குறது, முட்டி போட்டு எதிர்க்கை எதிர்க்காலை நீட்டுறது, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குறது, ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறது. மொத ரெண்டு வாரம் வலி கூடுச்சு, விட்டுறலாம்னு நெனச்சேன். செய்யும்போது கொஞ்சம் வலிச்சு மறுநாள் காலைல பழைய அளவுக்கு வந்துட்டா பரவால்ல, மறுநாளும் கூடுதலா இருந்தா பாதியாக் கொறைச்சுக்கங்கன்னு ஒரு கணக்கு சொன்னாங்க, அதுதான் எனக்குக் கை குடுத்துச்சு. ஆறு வாரத்துல காலைப் பிடிப்பு கொறைஞ்சுச்சு, மூணு மாசத்துல ராத்திரி திரும்பிப் படுக்க முடிஞ்சுச்சு.

பெறகு நடை. ஊரணியைச் சுத்தி சாயங்காலம் மூணு ரவுண்டுல ஆரம்பிச்சேன். 2024-ல ஆஸ்திரேலியாவுல 701 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, குறுக்கு வலி வந்து சரியானவங்கள்ல நடைப் பழக்கம் ஏத்திக்கிட்டவங்களுக்கு அடுத்த வலி வர 208 நாள், நடைப் பயிற்சி சொல்லிக் குடுக்காதவங்களுக்கு 112 நாள்னு. இந்த 208-ஐ நான் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். என் கணக்கு இதுவரை 90-ஐத் தாண்டல, போன ஆவணியில ஒரு தடவை, தீபாவளி ஆர்டர்ல ஒரு தடவை பிடிச்சுக்கிச்சு. ஆனா இப்பப் பிடிச்சா ஸ்கேனுக்கு ஓட மாட்டேன். ரெண்டு நாள் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன், சுடுதண்ணி ஒத்தடம், படுத்தே கெடக்க மாட்டேன், குதிகால் நடை முன்பாத நடை ரெண்டும் பாத்துக்குவேன், நாலஞ்சு நாள்ல விட்டுரும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறவங்களோட முன்னெல்லாம் குன்றக்குடி வரைக்குமாவது போவேன், ரெண்டு வருசம் விட்டுப்போச்சு, இந்தத் தடவை காரைக்குடியில இருந்து போயிட்டு வந்தேன், திரும்பி வரும்போது பஸ்ஸுதான், ஒளிக்க மாட்டேன்.

ஒண்ணு ரெண்டு சில்லறை விசயம். பிலிமோட சிடியையும் கேட்டு வாங்கிருங்க, ரெண்டாவது டாக்டர் பிலிமை விட அதைத்தான் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாப்பாரு, இல்லாட்டி மறுபடி எடுக்கச் சொல்லுவாங்க. வருசா வருசம் ஸ்கேன் எடுத்து ஜவ்வு சரியாயிருச்சான்னு பாக்காதீங்க, எனக்கு வலி கொறைஞ்சும் படம் அப்படியேதான் இருக்கும், கால்ல புதுசா ஏதும் வந்தா வேற கதை. ஆபரேஷன்னு சொல்ற டாக்டர்ட்ட மூணு கேளுங்க, இது என் கால் வலிக்கா குறுக்கு வலிக்கா, செய்யாம ஆறு வாரம் பொறுத்தா என்ன ஆகும், படத்துல எந்த எடம் என் எந்த வலியோட பொருந்துது. கோவப்படுறவர்ட்ட வேணாம். நடக்க முடியாத பெரியவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வர்றாங்க, 2021-ல இருந்து இருக்கு, எங்க மாமியாளுக்கு அப்படித்தான் முட்டிக்கு வந்தாங்க, ஊர் நர்ஸம்மாட்ட கேட்டாத் தெரியும்.

போன வாரம் பள்ளத்தூர் ஆச்சி ஒருத்தவங்க சீடைக்கு ஆர்டர் குடுக்க வந்தாங்க, கையில அந்த வெள்ளைக் கவரு. கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு. நீயும் இதுல அடிபட்டவளாமே, என்னமோ பல்ஜுன்னு எழுதிருக்கான், படிச்சுச் சொல்லுடின்னு நீட்டுனாக. நான் கவரை வாங்கி மேசை மேல மாவு படாம ஓரமா வச்சுட்டு, "அது கெடக்கட்டும் ஆச்சி, செருப்பைக் கழட்டிட்டு அந்தத் தூணைப் புடிச்சுக்கிட்டுக் குதிகால்ல நில்லுங்க பாப்போம்" அப்படின்னேன்.